மூன்று நாள் லீவுக்கு எந்த ஊர்?

பங்குனி பிறந்ததும் எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். "டீச்சர், நீங்கதான் ஜியாகரபி. தமிழ் வருஷப் பிறப்போட சேர்த்து மூணு நாள் லீவு வருது. ஊட்டியா, கொடைக்கானலா? எது நல்லது?" கேள்வியிலேயே இரண்டு ஊர் இருக்கும். மூன்றாவதாக ஓர் ஊரைச் சொன்னால் கேட்டவர் முகம் லேசாக வாடும். ஆனாலும் பல வருடமாக நான் மூன்றாவதைத்தான் சொல்லி வருகிறேன்.

நான் திருச்சிக்காரி. வெயில் எனக்குப் புதிதில்லை. மார்ச் கடைசியில் ராத்திரி பத்து மணிக்கும் சுவரில் கை வைத்தால் சுடும். தொட்டித் தண்ணீர் காலை எட்டு மணிக்கே வெதுவெதுப்பாக வரும். வீட்டில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள், ஆறாம் வகுப்பு மகன், எழுபதைத் தாண்டிய அத்தை. அத்தைக்கு இரண்டு முழங்காலிலும் வலி. பிள்ளைகளுக்கு ஆண்டுத் தேர்வு, எனக்குப் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாம், என் கணவருக்குக் கணக்கு ஆண்டு முடிகிற நேரத்து வேலை. இத்தனைக்கும் நடுவில் ஒரு மூன்று நாள் கிடைக்கும். மே மாதம் முழுக்க விடுமுறைதானே, அப்போது போனால் என்ன என்று கேட்பார்கள். மே மாதம்தான் ஊட்டியில் மலர்க் கண்காட்சி, ஏற்காட்டில் கோடை விழா. தமிழ்நாடே மலை ஏறும். அறை வாடகை ஏறும், மலைப்பாதையில் வண்டி நகராது. அதற்கு முந்தைய இந்த நாலைந்து வாரம், பங்குனிப் பின்பாதியும் சித்திரையின் தொடக்கமும், குடும்பத்தோடு வெளியே போய்வர அருமையான காலம். ஊரைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் ஊர் முடிவாவதற்கு முன் இரண்டு கேள்வி கேட்போம். வீட்டு வாசலில் இருந்து அந்த ஊர் அறைக் கதவு வரை எத்தனை மணி நேரம் ஆகும்? நாம் போகிற அந்த வாரத்தில் அங்கே என்ன நடந்துகொண்டிருக்கும்?

முதல் கேள்வி வெறும் கழித்தல் கணக்கு. திருச்சியில் இருந்து கோயம்புத்தூர் 200 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து மேட்டுப்பாளையம், பிறகு குன்னூர் வழியாக மலைப்பாதை. சாப்பாட்டுக்கும் பிள்ளைகள் வாந்திக்கும் நிறுத்தி நிறுத்திப் போனால் ஏழு மணி நேரத்துக்குக் குறையாது. திரும்பி வர இன்னொரு ஏழு. தூக்கம் போக மூன்று நாளில் நம் கையில் இருப்பது நாற்பத்தைந்து மணி நேரம் என்றால், மூன்றில் ஒரு பங்கு கார் சீட்டிலேயே போய்விடும். அதனால் மூன்று நாள் பயணத்துக்கு ஒரு வழி நாலு மணி நேரம்தான் எங்கள் எல்லை. அதற்கு மேல் உள்ள ஊர்கள் ஐந்து நாள் லீவுக்குக் காத்திருக்கும்.

ஊட்டி அப்படிக் காத்திருக்கத் தகுந்த ஊர். மேட்டுப்பாளையத்தில் இருந்து 46 கிலோமீட்டர் ஏறும் மலை ரயில் ஒன்றுக்காகவே போகலாம். குன்னூர் வரை 1899-லும் ஊட்டி வரை 1908-லும் வந்த பாதை அது. தண்டவாளத்தின் நடுவில் பல் சட்டம் பதித்து, அதில் எஞ்சினின் பல் சக்கரம் கடித்துக் கடித்து ஏறும். 16 குகை, 208 வளைவு. 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மேலே போய்ச் சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும்; அந்த ஐந்து மணி நேரம்தான் பயணமே. அதைப் போய் மூன்று நாளுக்குள் திணித்தால் ரயிலும் கெடும், ஊரும் கெடும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால்தான் திறக்கிறது, முன்பு இருந்த 120 நாள் இல்லை. மலை ரயிலில் இடம் வேண்டுமென்றால் அந்த அறுபதாவது நாள் காலையிலேயே உட்கார்ந்துவிட வேண்டும்.

கூட்டம் என்று நான் சொல்வது என் எண்ணம் மட்டும் இல்லை. சென்னை உயர்நீதிமன்றமே தலையிட்டு, 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம் ஆனது. மறு வருடம் ஏப்ரலில் இருந்து ஜூன் வரை எண்ணிக்கைக்கும் வரம்பு போட்டார்கள்: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அந்த மலைகள் எத்தனை வண்டியைத் தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐஐடியிடமும் பெங்களூர் ஐஐஎம்மிடமும் கொடுக்கப்பட்டது. வகுப்பில் 'தாங்கு திறன்' என்று நான் பாடமாக நடத்துவது, கல்லாறு சோதனைச் சாவடியில் வரிசையாக நிற்கிறது. இந்த மாதிரி உத்தரவுகள் வருடா வருடம் மாறும். எந்த மலைக்குப் போவதாக இருந்தாலும் கிளம்புவதற்கு முன்தினம் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இ-பாஸ் தொல்லை இல்லை.

சரி, ஊட்டி உயரத்துக்குப் போகாமல் குளிர்ச்சி கிடைக்குமா என்று கேட்பார்கள். இங்கேதான் என் பாடம் உதவும். காற்றை வெயில் நேராகச் சூடாக்குவது குறைவு. வெயில் தரையைச் சூடாக்கும், தரை காற்றைச் சூடாக்கும். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும், காற்று விரியும், விரிந்தால் குளிரும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பது பொதுக் கணக்கு. ஊட்டி 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,100 மீட்டர். ஏற்காடு 1,500 மீட்டர். சேலம் கடல் மட்டத்தில் இருந்து 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆக, சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்கு ஏறும்போது சுமார் 1,200 மீட்டர் ஏறுகிறோம், எட்டு டிகிரி குறைகிறது. கீழே 37 டிகிரி கொளுத்தினால் மேலே 29. பகலில் மர நிழலில் சுகமாக உட்காரலாம், ராத்திரி ஒரு போர்வை போதும். ஸ்வெட்டர், மஃப்ளர், குல்லா என்று ஒரு பெட்டி கூடுதலாகத் தூக்க வேண்டியதில்லை. அத்தையின் முழங்கால், ஊட்டிக் குளிரில் இரண்டு நாளில் மரத்துப் போய்விடும். இந்த நடு உயரத்தில் அவருக்கு அந்த வேதனை இல்லை. ஏற்காடு, கொல்லிமலை, சிறுமலை, தாண்டிக்குடி, ஏலகிரி, கோத்தகிரி எல்லாம் எனக்குப் பிடித்துப்போனது இந்த உயரத்தால்தான்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இதை யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஓர் ஊருக்கு எல்லா மாதமும் ஒன்று இல்லை. குற்றாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவமழை பிடித்தால்தான் அங்கே சாரல், அருவி எல்லாம்; பங்குனியில் போனால் பெரும்பாலும் பாறையைத்தான் பார்க்கலாம். ஏற்காட்டின் கிளியூர் அருவியும் அப்படித்தான். வேடந்தாங்கலிலும் கோடியக்கரையிலும் பறவைகள் மார்ச்சோடு கிளம்பிவிடும். மூணாறு போனால் இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடு பார்க்கலாம் என்று ஆசையோடு போவார்கள். வரையாடு குட்டி போடும் காலம் என்று பிப்ரவரி, மார்ச்சில் பூங்காவை மூடிவிடுவார்கள்.

காட்டுக்குள் நடைப்பயணம் போக நினைப்பவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தப் பருவம் காட்டுத் தீயின் பருவம். பனிக்காலம் முடிந்து இலையெல்லாம் உதிர்ந்து, புல் காய்ந்து கிடக்கும். ஒரு பொறி போதும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் தீயில் சிக்கி, நடைப்பயணம் போன 23 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளவயதுப் பிள்ளைகள். அந்த வாரம் வகுப்பில் நுழைந்து பாடம் நடத்தவே எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பிறகு தீக்காலத்தில் வனத்துறை மலையேற்றப் பாதைகளை மூடிவைக்கிறது. 2024-ல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் பாதைகளும் பிப்ரவரி நடுவில் இருந்து ஏப்ரல் நடுவரை மூடப்பட்டன. இந்த நாட்களில் "நாங்க உள்ள கூட்டிட்டுப் போறோம், பர்மிஷன் எல்லாம் தேவையில்லை" என்று யார் அழைத்தாலும் போகாதீர்கள்.

அருவி இல்லை, பறவை இல்லை, நடைப்பயணம் இல்லை. அப்படியானால் பங்குனியில் மலையில் என்னதான் இருக்கிறது? காப்பி பூக்கிறது.

அறுவடை முடிந்த பிறகு காப்பிச் செடியின் ஒவ்வொரு இலைக் கணுவிலும் மொட்டுகள் கொத்தாகக் கட்டி, பச்சையாக, அரிசியை விடச் சற்றுப் பெரிதாக வளர்ந்து, அப்படியே நின்றுவிடும். வறட்சியில் அவை உறங்குகின்றன. பிப்ரவரி கடைசிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் ஒரு மதியம் மேகம் திரண்டு, இடி இடித்து, ஓர் அங்குலம் அளவுக்குக் கோடை மழை பெய்தால் மொட்டு விழித்துக்கொள்ளும். அன்றில் இருந்து எட்டு, பத்து நாளில் அந்த மழை நனைத்த தோட்டம் முழுக்க ஒரே காலையில் பூக்கும். இரண்டு மூன்று நாள்தான். பிறகு பழுப்பேறி உதிர்ந்துவிடும்.

முதன்முறை நான் அதைப் பார்த்தது ஏற்காட்டில், ஏரியில் இருந்து சேர்வராயன் கோயிலுக்குப் போகிற வழியில். காலை ஏழு மணி இருக்கும். கார் கண்ணாடியை இறக்கியதும் மகள், "அம்மா, யாரோ மல்லிப்பூ கூடை வச்சிருக்காங்க" என்றாள். கூடை எதுவும் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம், சில்வர் ஓக் மரங்களின் நிழலில், இடுப்பு உயரச் செடிகள் வரிசையாக. ஒவ்வொரு கிளையும் நுனிவரை வெள்ளை. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு இலை ஜோடிக்கும் இடையில் பத்துப் பதினைந்து பூ நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. குழல் போல ஒரு காம்பு, மேலே ஐந்து இதழ், நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தத் தண்டுகள். கிளையைக் கொஞ்சம் விலக்கினால் தேனீக்களின் ரீங்காரம் சட்டென்று ஓங்கும். மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருந்தது. தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அம்மா, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தவர், பிள்ளைகளைப் பார்த்து, "ஒத்தப் பூவையும் பறிக்காதே சாமி, அது அத்தனையும் காப்பிக்கொட்டை" என்றார். எப்போது மழை பெய்தது என்று கேட்டேன். "போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழம. இனி இன்னொரு மழ வேணும். வந்தாத்தான் பிஞ்சு நிக்கும்." அவர் சொன்னது சரி. பூத்த பிறகு சில வாரத்துக்குள் இன்னொரு மழை கிடைக்காவிட்டால் காய் பிடிப்பது குறைந்துபோகும். அந்தத் தோட்டத்தின் ஒரு வருடப் பிழைப்பு, இந்த இரண்டு மழைக்கும் நடுவில் தொங்குகிறது. பிள்ளைகளிடம் நான் பாடமாக எதுவும் சொல்லவில்லை. அவர்களே வரிசையில் எத்தனை செடி என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். வாசனையை வைத்து மல்லிக்குச் சொந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். காப்பிச் செடி நம் வீட்டு வாசல் இட்லிப்பூவின் குடும்பம். இட்லிப்பூவின் நீண்ட குழலைப் பார்த்தால் புரியும்.

இந்தச் செடி ஏற்காட்டுக்கு வந்தது 1820-களில். சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் கொண்டுவந்து பயிரிட்டார். இன்று ஏரியைச் சுற்றிப் படகுத் துறையும் மிளகாய் பஜ்ஜிக் கடையும் நிறைந்திருந்தாலும், ஊருக்கு வெளியே இரண்டு கிலோமீட்டர் போனால் தோட்டம்தான். காட்டுமாடுகள் சில சமயம் தோட்டத்துக்குள் இறங்கும். விடிகாலையில் நடப்பவர்கள் உள்ளூர்க்காரரிடம் கேட்டுவிட்டு நடப்பது நல்லது.

எந்த வாரம் பூக்கும் என்று காலண்டரில் போட்டிருக்காது. நான் செய்வது இதுதான். மார்ச் முதல் வாரத்தில் இருந்து, அறை எடுக்க நினைக்கும் இடத்துக்குப் போன் போட்டு வாடகை கேட்கும்போதே, "அண்ணே, கடைசியா அங்க எப்ப நல்ல மழை பெஞ்சுச்சு?" என்று கேட்பேன். மலையில் இருப்பவர்களுக்கு மழைத் தேதி மறக்காது. அதோடு ஒன்பது நாளைக் கூட்டிப் பார்ப்பேன். நம் லீவோடு பொருந்தினால் பாக்கியம். போன வருடம் பொருந்தவில்லை, ஆனாலும் பயணம் வீணாகவில்லை. பூ முடிந்திருந்தது, ஆனால் தினமும் மூன்று மணிக்கு மேகம் இறங்கி, நாலு மணிக்கு மழை கொட்டி, ஐந்து மணிக்கு மண் மணக்க வெளுத்தது. இந்தப் பருவத்து மழையின் வழக்கம் அது. காலை முழுக்கத் தரை சூடேறி, காற்று மேலெழும்பி, மதியத்துக்குப் பிறகுதான் இடிமேகம் கட்டும். எனவே ஊர் சுற்றுவதைக் காலை ஆறில் இருந்து பன்னிரண்டுக்குள் வைத்துக்கொண்டு, மதியம் சாப்பிட்டுவிட்டு அறையில் இருந்துவிட வேண்டும். இடி இடிக்கும்போது பகோடா பாயின்ட் மாதிரித் திறந்த முனைகளில் நிற்கவே கூடாது.

திருச்சியில் இருந்து ஏற்காட்டுக்குப் போகிற பாதையும் எனக்குப் பிடிக்கும். குணசீலம், முசிறி, தொட்டியம் என்று காவிரிக்கரையோடு போகும். வாழை, வெற்றிலைக் கொடிக்கால், முசிறிப் பக்கம் கோரை. நாமக்கல்லில் ஆஞ்சநேயர் தரிசனம். அத்தைக்கு அது இல்லாமல் பயணம் கிடையாது. சேலம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவு. மேலே சேர்வராயன் கோயில், தாழ்வான குகைக்குள் குனிந்து போகிற சிறிய சன்னிதி. சேர்வராயனோடு அங்கே காவேரி அம்மனும் இருக்கிறாள். அத்தைக்கு அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. "நம்ம அம்மா மண்டபத்து ஆத்தா, இங்க மேல வந்து குந்தியிருக்கா பாரு" என்றார். கோயிலுக்குப் பக்கம் வரை வண்டி போகிறது. முழங்கால் வலிக்காரரைக் கூட்டிப்போகும் குடும்பங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. இதே காரணத்துக்காகத்தான் திருச்சிக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிற கொல்லிமலையை அத்தை வரும் வருடங்களில் தள்ளிவைப்பேன். 70 கொண்டை ஊசி வளைவு; ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேல் படி இறங்கி, அத்தனையும் திரும்ப ஏற வேண்டும். இளவயதுப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அது சொர்க்கம்.

சென்னைக்காரர்களுக்கு ஏற்காடு தூரமாகத் தெரியும். சென்ட்ரலில் இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிவதற்குள் சேலம். தூக்கத்தில் போகும் நேரத்தை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. இல்லையென்றால் ஜோலார்பேட்டையில் இறங்கி ஏலகிரி. மதுரைக்காரர்களுக்குச் சிறுமலையும் தாண்டிக்குடியும் கைக்கு எட்டும் தூரம். பட்டிவீரன்பட்டி, அய்யம்பாளையம் வழியாகப் பெரும்பாறை ஏறி தாண்டிக்குடி போகும் பாதையில் காப்பி, மிளகு, ஆரஞ்சு, மலைவாழை எல்லாம் கலந்த தோட்டங்கள். பூக்காலத்தில் அந்தப் பாதை ஏற்காட்டுக்குச் சளைத்தது இல்லை. கோவைக்காரர்கள் ஊட்டிக்குப் பதில் கோத்தகிரியில் நின்றுவிடலாம், அதுவும் நீலகிரிதான் என்பதால் இ-பாஸ் எடுத்துக்கொண்டு. நீலகிரியில் சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை உண்டு. எவர்சில்வர் பாட்டில் ஆளுக்கு ஒன்று வீட்டில் இருந்தே எடுத்துப் போங்கள்.

அறை பிடிக்கும்போது படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் போனில் பேச வேண்டும். ஏப்ரலில் மலை ஊர்களில் தண்ணீர்த் தட்டுப்பாடு வரும், ஆகவே முதல் கேள்வி, தண்ணீர் கிணற்றிலா லாரியிலா என்பதுதான். அறை எந்தத் தளம், வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா, வெந்நீர் எத்தனை மணி வரை, கார் கேட்டுக்குள் நிற்குமா. ஒரு விடுதியில் கீழ்த்தள அறை என்று உறுதி சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டு, போய் இறங்கியபோது இரண்டாவது மாடிச் சாவியைக் கொடுத்தார்கள். அத்தை ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். அன்றில் இருந்து அறை எண்ணை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்காமல் பணம் அனுப்புவதில்லை.

மலை பிடிக்காதவர்கள் இருக்கிறார்கள். வளைவில் வாந்தி, காது அடைப்பு. அவர்களுக்கு ஏப்ரலில் கடல் என்றால், "ஐயோ, புழுக்கம்" என்பார்கள். புழுக்கம் உண்டு. ஆனால் கடற்கரையில் மதிய வாக்கில் தரை சூடேறி அதன் மேல் காற்று எழும்பியதும், அந்த இடத்தை நிரப்பக் கடலில் இருந்து காற்று உள்ளே வரும். கடலை ஒட்டி ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் தங்கினால் அது முழுசாகக் கிடைக்கும். முப்பது கிலோமீட்டர் உள்ளே மயிலாடுதுறையில் தங்கினால் அது வந்து சேர்வதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். நாங்கள் போவது தரங்கம்பாடி. திருச்சியில் இருந்து தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வழியாக நாலு மணி நேரம், எங்கள் எல்லைக்குள்.

சின்ன ஊர். ஒரு காலை போதும், நடந்தே பார்த்துவிடலாம். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டென்மார்க்காரர்கள் கட்டிய டேன்ஸ்பர்க் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1706-ல் சீகன்பால்கு வந்து இறங்கிய ஊர் இது. அவர் தமிழ் படித்து, அச்சகம் வைத்து, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தது 1715-ல். அவர் கட்டிய புது எருசலேம் ஆலயம் 1718-ல் இருந்து நிற்கிறது. கோட்டைக்கு வடக்கே மாசிலாமணிநாதர் கோயில், பாண்டியர் காலத்தது. அதன் முன்பகுதியைக் கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது. ஒன்பதாம் வகுப்புப் பாடப் புத்தகத்தை மூடிவிட்டு மகளோடு அங்கே நடந்தால், கடல் ஒரு ஊரை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்கிறது என்பதை அவளே கண்ணால் பார்த்துக்கொள்வாள். இதே மார்ச், ஏப்ரலில் நாகை, மயிலாடுதுறைக் கரையோரங்களில் வனத்துறையின் பொரிப்பகங்களில் பங்குனி ஆமைக் குஞ்சுகள் பொரிந்து கடலுக்கு விடப்படுகின்றன. அந்தந்த வனச்சரக அலுவலகத்தில் கேட்டால் எப்போது விடுவார்கள் என்று சொல்வார்கள்.

கடற்கரைக்குப் போகிறவர்கள் பார்க்க வேண்டிய தேதி ஒன்று உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் முட்டையிடும் பருவம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. வஞ்சிரமும் பெரிய இறாலும் சாப்பிட ஆசைப்பட்டுப் போகிறவர்கள் அதற்கு முன்னால் போய்விட வேண்டும். அதற்குப் பிறகு கிடைப்பது நாட்டுப்படகுக்காரர்கள் கரையோரம் பிடித்து வரும் மத்தி, நெத்திலி, காரப்பொடி. எனக்கு இதுதான் பிடிக்கும். காலையில் பிடித்தது மதியம் குழம்பில் கிடக்கும். பெரிய மீன் வைத்திருப்பதாக ஓட்டலில் சொன்னால், எங்கிருந்து வந்தது, எத்தனை நாள் ஐஸில் இருந்தது என்று கேளுங்கள்.

எங்கள் வீட்டுத் தேதியை முடிவு செய்வது கடைசியில் சமயபுரத்தாள்தான். மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்கியதும் அம்மன் பக்தர்களுக்காக 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள். அத்தையும் அந்த நாட்களில் கவுச்சி தொடமாட்டார்; சித்திரை முதல் செவ்வாய் தேர் பார்க்காமல் ஊரை விட்டு நகரவும் மாட்டார். தேர் நாளில் சென்னை சாலையில் சமயபுரம் பக்கம் வண்டி ஓட்டவும் முடியாது. பிள்ளைகளுக்கு அவசரம். "பாட்டி, ஏற்காட்டுல போன ஞாயித்துக்கிழமை மழை பெஞ்சிருக்காம்" என்று மகன் நச்சரிக்க, "உங்கப்பன் உங்களைக் கூட்டிட்டுப் போகட்டும்டா, நான் தேருக்கப்புறம் உங்கம்மாவோட கடலுக்குப் போறேன்" என்றார் அத்தை. இந்த வருடம் அப்படியே ஆகிவிட்டது. அப்பாவும் பிள்ளைகளும் பங்குனிக் கடைசியில் ஒரு ராத்திரி தங்கி காப்பிப் பூ பார்த்துவிட்டு வருவார்கள். நானும் அத்தையும் விடைத்தாள் முகாம் முடிந்ததும் தரங்கம்பாடி. தடைக்காலம் தொடங்கியிருக்கும், ஆகவே நெத்திலிதான். பக்கத்திலேயே திருக்கடையூர் அபிராமியையும் சேவித்துவிடலாம். அறைக்குப் பேசியாயிற்று. கீழ்த்தளம், கதவு எண் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது.